ஸ்பிரிங்கை விட்டுச் சக்கரத்தை எடுத்தவர்கள்

"புதிது என்று உலகத்தில் எதுவும் கிடையாது, ஸார்! எல்லாரும் எல்லாரிடமிருந்தும் எடுத்ததுதான்" என்று ஒரு வாக்கியம் வழங்கி வருகிறது. இதை ரொம்பவும் ரசித்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எதையாவது எடுத்தவர்களாகவே இருக்கிறார்கள். பறிகொடுத்த ஆசாமி ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இந்த வாக்கியம் சமீபத்தில் நான் சற்றும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது. பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, வர்ணம் பூசி, கூடத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூரிக்கிற கனவான்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு விவாதம். முன் போர்க்கில் ஸ்பிரிங் வைத்த பழைய வண்டிகளில் யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்பது விஷயம். ஒரு கட்சிக்கு எல்லாக் கம்பெனிக்காரர்களும் திருடர்கள். மற்றொரு கட்சிக்கு யாருமே திருடர் இல்லை. மேற்படி வாக்கியம் அந்தக் கட்சியின் வேதம். இரண்டு கட்சியும் தப்பு என்பது என் கட்சி.

கதை எழுதுகிறவனுக்குச் சைக்கிள் ஸ்பிரிங்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எடுப்பது, கடன் வாங்குவது, களவாடுவது என்கிற மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பது எங்கள் தொழிலில் தினசரி எழுகிற கேள்வி. ஆனால் எழுத்தில் அதை நிரூபிப்பது கஷ்டம். 'பாதிப்பு' என்று ஒரு வார்த்தையைப் போட்டு எதையும் மூடிவிடலாம். இரும்பில் அப்படி மூட முடியாது. ஸ்பிரிங் இருக்கிறதா, இல்லையா என்று குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் யாரும் திருடரில்லை என்கிற கட்சிக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். சைக்கிள் பிறந்த நாளிலிருந்தே குலுக்கல் அதன் கூடப்பிறந்த வியாதி. கல்லில் சக்கரம் ஏறினால் அடி நேரே மணிக்கட்டுக்கு வருகிறது. அந்தக் காலத்துக் கெட்டி ரப்பர் டயரில் ஒரு மைல் போய் வந்தவன் கை சாயங்காலம் வரை நடுங்கியிருக்கும். 1885-ல் லண்டனில் லின்லி அண்டு பிக்ஸ் என்பவர்கள் 'விப்பெட்' என்று ஒரு வண்டி செய்தார்கள். அதன் சட்டத்துக்குள்ளேயே ஸ்பிரிங். அதைத் தொடர்ந்து எத்தனையோ பேர் எத்தனையோ ஸ்பிரிங்குகளை வைத்துப் பார்த்தார்கள். 1888-ல் பெல்பாஸ்டில் டன்லப் என்கிற மிருக வைத்தியர் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். ஸ்பிரிங் வண்டிகள் அத்தனையும் பரணுக்குப் போயின. ஆனால் டன்லப்பாவது முதல் மனிதரா? அதுவும் இல்லை. ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்று டயருக்குப் பேடண்ட் வாங்கி வைத்திருந்தார். அது தெரிய வந்ததும் டன்லப்பின் பேடண்ட் செல்லாமற் போயிற்று. டன்லப் தாம்ஸனைப் பார்த்துக் காப்பியடித்தாரா? இல்லை. அவர் தம் பையனின் மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று கவலைப்பட்டார், அவ்வளவுதான். ஒரே வியாதிக்கு இரண்டு பேர் ஒரே மருந்தைத் தனித்தனியே கண்டுபிடிப்பது உண்டு.

அமெரிக்காவுக்கு வருவோம். கனவான்களின் விவாதமே அங்கேதான் ஆரம்பம். சிகாகோவில் இக்னாஸ் ஷ்வின் என்கிற ஜெர்மானியர் 1895-ல் ஆரம்பித்த கம்பெனி. 1933-ல் அவருடைய மகன் பிராங்க் ஷ்வின் தடியான பலூன் டயர் போட்ட வண்டியை வெளியிட்டார். பெரும் பஞ்ச காலம். சைக்கிள் வாங்குகிறவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள். அந்தப் பையன்கள் நடைபாதை விளிம்பு, பள்ளம் எதையும் பார்த்து ஓட்டுகிறவர்கள் அல்ல. பலூன் டயர் பிரமாதமாக எடுபட்டது. அந்த யோசனை ஷ்வினுக்கு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் பார்த்த டயரிலிருந்து! இரண்டு மூன்று வருஷத்துக்குள் அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் அதே டயருக்கு மாறிவிட்டன. 1938-ல் ஷ்வின் ஸ்பிரிங் போர்க்கைக் கொண்டுவந்தார். ஹாண்டில்பாருக்குக் கீழே, தலைக்குழாய்க்கு முன்னால், பளபளவென்று ஒரு சுருள். சக்கரம் மேட்டில் ஏறினால் போர்க் ஒதுங்கி அந்தச் சுருளை அமுக்கும். மேடு கடந்ததும் சுருள் போர்க்கைத் திருப்பித் தள்ளும். பையன்கள் மயங்கிப் போனார்கள். உண்மையைச் சொன்னால், மணிக்கட்டுக்குக் கிடைத்த சுகத்தைவிட அந்தச் சுருள் வெளியே தெரிந்ததில்தான் அவர்களுக்கு அதிக சந்தோஷம்.

பிறகு என்ன? போட்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே சிகாகோவிலிருந்த மோனார்க் கம்பெனி, ஒன்றுக்கு இரண்டாகச் சுருள் வைத்தது. கிளீவ்லண்ட் வெல்டிங் கம்பெனியின் 'ரோட்மாஸ்டர்' வண்டிக்கு யுத்தத்துக்குப் பிறகு 'ஷாக்மாஸ்டர்' என்று பெயர் சூட்டிய ஒரு ஸ்பிரிங் போர்க் வந்தது. இவர்கள் எல்லாரும் ஷ்வினைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவர்களைத் திருடர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் ஸ்பிரிங்கைப் பார்த்தார்கள், ஸ்பிரிங்கைச் செய்தார்கள். ஷ்வினின் பேடண்டுக்குள் வராத வேறு கீல், வேறு சுருள், வேறு அமைப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தார்கள். சில நன்றாக இருந்தன, சில கிறீச்சிட்டன. எதுவானாலும் மேட்டில் ஏறினால் அமுங்கியது. வாங்கின பையனுக்குக் கொடுத்த காசுக்கு ஒரு ஸ்பிரிங் கிடைத்தது. அடுத்த வீட்டில் மைசூர்பாகு செய்கிறார்கள் என்று தெரிந்து நம் வீட்டிலும் கிளறுவதில் என்ன பாவம்? நெய் விட்டுக் கிளற வேண்டும், அவ்வளவுதான்.

'எல்லாரும் எடுத்ததுதான்' கட்சிக்கு இதுவரையில் ஜயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அவர்கள் அதே மூச்சில், "இங்கிலாந்தில் மோல்டனுக்கும் ராலேக்கும் நடந்ததும் இதே கதைதான்" என்கிறார்கள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது இதே கதையல்ல. இதற்கு நேர் எதிரான கதை.

ராலே நமக்கு அந்நியப் பெயரல்ல. நம் தாத்தாக்கள் வாயில் மரியாதையோடு வழங்கிய பெயர் அது. 1960-ல் ராலேயைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனந்தான், முருகப்பா குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள் கம்பெனியை ஆரம்பித்தது. அந்தப் பெயர் மேல் எனக்கும் பக்தி உண்டு. பக்தி இருந்தால் கேள்வி கேட்கக் கூடாது என்று யார் சொன்னார்கள்?

அலெக்ஸ் மோல்டன் என்பவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவருடைய கொள்ளுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதைக்குச் சம்பந்தமில்லாத கிளைக்கதை என்று நினைத்து விடாதீர்கள். அடுத்தவன் சரக்கைப் பார்த்துச் செய்வதைப் பற்றி இதைவிட ருசியான விருத்தாந்தம் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்று ஒரு பைத்தியக்காரர். ரப்பர் பைத்தியம். அந்த நாளில் ரப்பர் வெயிலில் இளகும். குளிரில் விறைத்து வெடிக்கும். அதற்கு ஒரு வழி தேடி மனுஷர் வீட்டையும் வாசலையும் தோற்றார். கடனுக்காகச் சிறைக்குப் போய்ப் போய் வந்தார். 1839-ல் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடு காட்டினால் காரியம் பலிக்கிறது என்று கண்டுகொண்டார். அதற்குப் பேடண்ட் வாங்கக் கையில் காசில்லை. நியூயார்க்கில் இருந்த ஸ்டீபன் மோல்டன் என்கிற ஆங்கிலேயர் 1842-ல் தாய்நாட்டுக்குப் போகும்போது, குட்இயரின் ரப்பர் மாதிரித் துண்டுகளைக் கையோடு எடுத்துச் சென்றார். அங்கே யாராவது இந்த முறையை விலைக்கு வாங்குவார்களா என்று பார்ப்பதற்காக. செய்முறையைச் சொல்லவில்லை, துண்டை மட்டும் காட்டினார். துண்டு கை மாறிக் கை மாறி, தாமஸ் ஹான்காக் என்பவர் கைக்கு வந்தது. ஹான்காக் லேசுப்பட்டவரல்ல. ரப்பரைப் பிசைகிற யந்திரத்தை 1820-லேயே செய்தவர். இங்கிலாந்தின் ரப்பர் தொழிலுக்கே தகப்பனார் மாதிரி. அவருக்குத் துண்டில் கந்தகம் இருப்பது புலப்பட்டது. விலைக்கு வாங்கவில்லை. தம் பட்டறையில் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வருஷத்துக்குமேல் பாடுபட்டார். 1843 நவம்பரில் பேடண்டுக்கு மனுப்போட்டார். குட்இயர் தம்முடைய அமெரிக்கப் பேடண்டை வாங்கியது 1844 ஜூனில். இங்கிலாந்துக் கதவைத் தட்டியபோது உள்ளே ஹான்காக் உட்கார்ந்திருந்தார்! குட்இயர் வழக்காடித் தோற்றார். 1860-ல் கடனோடு செத்தும் போனார்.

ஹான்காக் செய்தது சரியா, தப்பா? நான் பல நாள் யோசித்தேன். அவர் செய்முறையைத் திருடவில்லை. அவருக்குத் தெரிந்தது 'முடியும்' என்கிற ஒரு செய்தி மட்டுமே. மிச்சம் எல்லாம் சொந்த உழைப்பு. ஆனால் அந்தத் துண்டு இல்லாவிட்டால் அவர் கந்தகத்தை நினைத்திருப்பாரா? வாங்கிக்கொள்ளுங்கள் என்று வீடு தேடி வந்தவனுடைய சரக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, 'வேண்டாம்' என்று அனுப்பி, பிறகு உள்ளே போய்ச் சமைப்பது, அவர் எவ்வளவு பெரிய சமையற்காரராயிருந்தாலும், எனக்கு உவப்பாயில்லை. இருந்தாலும் அவருக்கு நான் பாதி மன்னிப்புக் கொடுக்கத் தயார். அவர் செய்த ரப்பர் நல்ல ரப்பர். குட்இயர் எந்த வியாதிக்கு மருந்து தேடினாரோ அந்த வியாதியை ஹான்காக்கின் ரப்பரும் குணப்படுத்தியது.

துண்டைச் சுமந்து வந்த ஸ்டீபன் மோல்டன் 1848-ல் பிராட்போர்ட்-ஆன்-ஏவன் என்கிற சிற்றூரில் சொந்தமாக ரப்பர்த் தொழிற்சாலை ஆரம்பித்தார். ஹான்காக் அவர் மேலேயே வழக்குப் போட்டார் என்பது இந்த விருத்தாந்தத்தின் உச்சகட்டம்! மாதிரி காட்ட வந்தவனே மாதிரியைத் திருடியவன் ஆகிவிட்டான்.

அந்த ஸ்டீபனின் கொள்ளுப் பேரர் அலெக்ஸ் மோல்டன். 1920-ல் பிறந்தவர்; அதே ஊர், அதே ரப்பர். 1959-ல் வெளிவந்த மினி காருக்கு ஸ்பிரிங் இரும்பில் அல்ல, ரப்பரில். அதைச் செய்து கொடுத்தவர் இவர்தான். 1956-ல் சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்து பெட்ரோலுக்குத் திண்டாட்டம் ஏற்பட்டபோது, மனுஷர் ஒரு நல்ல சைக்கிளை வாங்கி ஓட்டிப் பார்த்தார். கார்க்காரர் கண்ணுக்கு ஒன்று உறுத்தியது. அறுபது எழுபது வருஷமாகச் சைக்கிளின் உருவமே மாறவில்லையே, ஏன்? சக்கரம் ஏன் இவ்வளவு பெரியது?

அவருடைய யோசனையை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்; வழக்கின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது. சக்கரம் சிறியதானால் கனம் குறைகிறது, உறுதி கூடுகிறது, சட்டென்று வேகம் பிடிக்கிறது, மேலே சாமான் வைக்க இடம் கிடைக்கிறது. ஆனால் சிறிய சக்கரம் சிறு பள்ளத்திலும் இறங்கி ஏறும், குலுக்கி எடுத்துவிடும். டயரில் காற்றைக் குறைத்தால் குலுக்கல் குறையும். ஆனால் காற்றுக் குறைந்த டயரை மிதிப்பது சேற்றில் மிதிப்பது மாதிரி. சின்னச் சக்கரத்தில் கேட்கவே வேண்டாம். எனவே டயரில் காற்றை நெருக்கி அடைக்க வேண்டும். குலுக்கலை வேறொன்று வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வேறொன்றுதான் ஸ்பிரிங். முன்னால், ஹாண்டில்பார் திரும்புகிற குழாய்க்குள்ளேயே சுருள் ஸ்பிரிங், அது துள்ளாமல் அடக்க ரப்பர். பின்னால் ஒரு ரப்பர்க் கட்டை. பதினாறு அங்குலச் சக்கரம். அதற்கென்றே டன்லப் கம்பெனி தனியாக டயர் செய்து கொடுத்தது. நடுவில் குறுக்குக் குழாய் இல்லாத சட்டம். வேஷ்டி கட்டியவரும் புடவை கட்டியவரும் காலைத் தூக்காமல் ஏறலாம்.

சிறிய சக்கரம், கெட்டி டயர், ஸ்பிரிங்: இவை மூன்று யோசனைகள் அல்ல, ஒரே யோசனை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் அர்த்தமற்றுப் போகும்.

மோல்டன் இதைத் தாமே விற்க நினைக்கவில்லை. ராலேயிடம் கொண்டுபோய்க் காட்டினார். ராலே முதலில் ஆசை காட்டியது, பார்த்தது, பரீட்சித்தது, கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மோல்டன் கடனை உடனை வாங்கித் தம் வீட்டு வளாகத்திலேயே தொழிற்சாலை கட்டி, 1962-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். 'இது பொம்மை' என்று சிரித்தவர்களுக்கு அந்த டிசம்பரிலேயே பதில் கிடைத்தது. ஜான் வுட்பர்ன் என்கிற பந்தயக்காரர் அந்தச் சின்னச் சக்கரத்தில் கார்டிப் நகரிலிருந்து லண்டனுக்கு 162 மைலை 6 மணி 43 நிமிஷத்தில் கடந்து பழைய சாதனையை முறியடித்தார். வண்டிகள் விற்கத் தொடங்கின. சொந்தப் பட்டறை போதாமல் பி.எம்.ஸி. மோட்டார் கம்பெனியின் கிர்க்பி தொழிற்சாலையிலும் செய்ய வேண்டியதாயிற்று.

1965-ல் ராலே தன் பதிலை வெளியிட்டது. பெயர் ஆர்.எஸ்.டபிள்யூ. 16, 'ராலேயின் சிறு சக்கரம்' என்பதன் சுருக்கம். பதினாறு அங்குலச் சக்கரம், இருக்கிறது. குறுக்குக் குழாய் இல்லாத சட்டம், இருக்கிறது. பின்னால் பை வைக்கிற காரியர், இருக்கிறது. முன் ஸ்பிரிங்? இல்லை. பின் ரப்பர்? இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு அங்குலப் பருமனுள்ள பலூன் டயர், காற்றைக் குறைவாக அடைத்து! மோல்டன் எதை வேண்டாமென்று ஒதுக்கினாரோ அதைத் தேடி எடுத்துப் போட்டிருந்தார்கள். வண்டி மெத்தென்று இருந்தது. மிதித்தால் நகர மறுத்தது. அந்த வண்டியை இன்றைக்குச் சேகரித்து வைத்திருப்பவர்களே அதை மேட்டில் ஓட்டுவதைத் தவம் என்றுதான் சொல்வார்கள்.

சாற்றைத் துப்பிவிட்டுச் சக்கையைத் தின்பவனைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ!

இதற்கு மறுகட்சியார் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம். முதலாவது, சட்டம். "ராலே எந்தப் பேடண்டை மீறியது? காட்டுங்கள் பார்க்கலாம்!" காட்ட முடியாதுதான். ஸ்பிரிங் போட்ட அமைப்பில் அல்லவா மோல்டனின் உரிமை இருந்தது? ஸ்பிரிங்கையே போடாதவனை எந்தக் கோர்ட் என்ன செய்யும்? இதைக் கேட்டால் எனக்குக் கோபத்துக்குப் பதில் ஒருவித ஆச்சரியமே ஏற்படுகிறது. சட்டம் காவல் காக்கிற பண்டம் எதுவோ அதுதான் உயிர் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. அந்த உயிரை விட்டுவிட்டு உடம்பை எடுத்துக்கொண்டால் குற்றமில்லை. நல்ல நியாயம்!

எனக்கும் இந்த நியாயம் அனுபவத்தில் தெரியும். சில வருஷங்களுக்கு முன் ஒரு படக் கம்பெனியார் என் நாவல் ஒன்றை மூன்று நாள் உட்கார்ந்து கேட்டார்கள். காப்பி, பலகாரம் எல்லாம் பலமாக இருந்தது. கடைசியில், "கதை நன்றாயிருக்கிறது, ஆனால் எடுபடாது" என்று கைகூப்பி அனுப்பினார்கள். பின்னால் வந்த அவர்கள் படத்தில் என் ஊர் இருந்தது. என் கிழவர் இருந்தார். அவருடைய கறவை மாடுகூட இருந்தது. கிழவர் எதற்காக அந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்கிறார் என்கிற காரணம் மட்டும் இல்லை. ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டேன். "காரணத்தை எடுத்திருந்தால் வழக்குப் போடலாம், கிழவரும் மாடும் யாருக்கும் சொந்தமில்லை" என்றார். படம் நன்றாக ஓடியது. ஒரு டிக்கெட் வாங்கி நானும் பார்த்தேன்.

இரண்டாவது சமாதானம், ஜனங்கள் வாங்கினார்கள் என்பது. வாங்கினார்கள், வாஸ்தவம். ராலேயின் பெயர், ஊருக்கு ஊர் ராலேயின் கடை, ராலேயின் விளம்பரம். கடைக்குப் போகிறவன் சின்னச் சக்கரத்தைப் பார்க்கிறான். ஸ்பிரிங் உள்ளே இருக்கிறதா என்று குனிந்து பார்க்க அவனுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஓட்டிப் பார்த்து, 'சின்னச் சக்கர வண்டியே இப்படித்தான் போலிருக்கிறது, கால் வலிக்கிறது' என்று முடிவு கட்டுகிறான். இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. ஷ்வினைப் பார்த்து மோனார்க் ஸ்பிரிங் வைத்ததால் ஸ்பிரிங் போர்க்கின் பெயர் கெடவில்லை, கூடியது. ராலே செய்த காரியத்தால் மோல்டனின் வியாபாரம் கெட்டது மட்டுமல்ல, மோல்டனின் யோசனையே கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

மூன்றாவது சமாதானம் மிகவும் சாமர்த்தியமானது. "1967-ல் ராலே மோல்டன் கம்பெனியையே விலை கொடுத்து வாங்கிவிட்டதே, கணக்குத் தீர்ந்து போயிற்று அல்லவா?" வாங்கியது உண்மை. போட்டியில் மூச்சுத் திணறினவனிடம் வாங்கியது. அலெக்ஸ் மோல்டனை ஆலோசகராகவும் வைத்துக்கொண்டார்கள். 1974-ல் மோல்டன் வண்டி செய்வதை நிறுத்தியும் விட்டார்கள். இடையில் 1968-ல் ராலே 'ட்வெண்டி' என்று ஒரு வண்டி வெளியிட்டது. அது நல்ல வண்டி, மறுக்கவில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, டயரைக் கொஞ்சம் மெலிதாக்கி, ஸ்பிரிங் இல்லாமலே சமாளித்தார்கள், பிரமாதமாக விற்றது. அவர்களிடம் கெட்டிக்காரர்கள் இல்லாமலில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை 1965-லேயே காட்டியிருந்தால் எனக்கு இங்கே வேலையில்லை.

இந்தப் பஞ்சாயத்தில் யோக்கியதாபத்திரம் வாங்குகிறவர்கள் பட்டியலில் ஷ்வினைச் சேர்த்துவிடாதீர்கள். 1963-ல் அவர்கள் 'ஸ்டிங்ரே' என்று உயர்ந்த ஹாண்டில்பாரும் நீண்ட சீட்டுமாக ஒரு பையன் வண்டி கொண்டுவந்தார்கள். கலிபோர்னியாவில் பையன்கள் தாங்களே வண்டியைப் பிரித்து மாட்டிக்கொண்டதைப் பார்த்துச் செய்தது. பையன்களுக்குச் சல்லிக் காசு போகவில்லை. 1968-ல் அதே ஜாதி வண்டிக்கு முன்னால் பதினாறு அங்குலச் சக்கரமும், முப்பது வருஷத்துப் பழைய அதே ஸ்பிரிங் போர்க்கும் மாட்டி 'கிரேட்' என்று பெயரிட்டார்கள். சொந்தப் பாட்டியின் நகையை அழித்துப் பேத்திக்குச் செய்தாற்போல. அந்த வண்டிகளைப் பார்த்து இங்கிலாந்தில் ஒரு கம்பெனி 'சாப்பர்' என்று ஒன்று செய்தது. எந்தக் கம்பெனி என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். முன் ஸ்பிரிங்கை அப்போதும் விட்டுவிட்டார்கள்!

'எல்லாரும் திருடர்கள்' கட்சிக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் ராலேயையும் மோனார்க்கையும் ஒரே கூண்டில் ஏற்றுவதால் லாபம் யாருக்கு? ராலேக்குத்தான். ஊரே திருடர் என்றால் உண்மைத் திருடனுக்குக் கூட்டத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. என் கேள்வி சின்னக் கேள்வி. எடுத்தவன் எந்த அங்கத்தை எடுத்தான்? உழைக்கிற அங்கத்தையா, கண்ணுக்குத் தெரிகிற அங்கத்தையா? உழைக்கிற அங்கத்தைப் பார்த்து, தன் புத்தியால் இன்னொன்று செய்தவன் என் ஜாதி. அவனிடம் கடன் இருக்கலாம், களவு இல்லை. தன் வாசலுக்கு வந்த சரக்கை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு அதன் நிழலை மட்டும் பிடித்து விற்றவனுக்கு 'எல்லாரும் எடுத்ததுதான்' என்கிற குடை கிடையாது.

அலெக்ஸ் மோல்டன் தம் உரிமைகளைத் திரும்பப் பெற்று, 1983-ல் மறுபடி ஒரு வண்டி வெளியிட்டார். மெல்லிய குழாய்களைப் பாலம் கட்டுகிற மாதிரி பின்னிச் செய்த சட்டம்; விலை ஏகம்; சின்னச் சக்கரமும் முன் ஸ்பிரிங்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. 1992-ல் பாஷ்லி என்கிற சிறிய இங்கிலீஷ் கம்பெனி, அதில் கொஞ்சம் மலிவான ஒரு ரகத்தைத் தான் செய்து விற்க விரும்பியது. பாஷ்லிக்காரர்கள் மோல்டனிடம் போய்க் கேட்டார்கள், உரிமம் வாங்கிக்கொண்டார்கள், ஸ்பிரிங்கோடு செய்தார்கள், வண்டியின் மேல் அவருடைய பெயரையும் எழுதினார்கள்.